பதினேழு கட்டில் கப்பல்

சூசைத்துறையில், வள்ளங்களைக் கரையேற்றி வைக்கிற மணல்மேட்டில், ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விண்வெளிக் கப்பல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தவள் பனிமயம். அவள் தலையிலிருந்த ஓலைப்பெட்டியை இறக்கி வைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கப்பலை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அதன் மேல்தகடு வெயிலில் எப்படிச் சுடுகிறது என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சுடுகிற பக்கமாய்த் தன் நெத்திலியைப் பரப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மத்தியானத்துக்குள் நெத்திலி காய்ந்து சலசலவென்று ஆகிவிட்டது. மறுநாள் அந்தத் தகட்டுக்கு நாலு பெண்கள் போட்டிக்கு வந்தார்கள்.

யாருடைய கப்பல் என்று யாரும் கேட்கவில்லை. விலாவில் 'சகாய மாதா 2' என்று எழுதியிருந்தது, அந்தப் பெயரில் கப்பல் கட்டுகிறவள் அந்த ஊரில் ஒருத்திதான் இருந்தாள், வலைக் கம்பெனியில் வேலை பார்க்கிற மெற்றில்டா. அவள் கட்டியது டிவிக்குள்ளே. அது வெளியே வந்து நின்றது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது, அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

மெற்றில்டாவின் புருசன் ததேயு நாலு வருசம் பஹ்ரைனில் படகில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, மற்றவர்களைப்போல நகையும் சென்ட்டும் கொண்டுவராமல் பெரிய டிவியும் வீடியோ கேம் பெட்டியும் கொண்டுவந்தான். கல்யாணமாகி ஒன்பது வருசம், பிள்ளை இல்லை. ஊர் அதைப் பேசிப் பேசி அலுத்துப்போன காலத்தில் புருசனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு ஆகாயத்தில் அலைந்தார்கள். அந்த விளையாட்டில் கிரகம் கிரகமாய்ப் போகலாம், சண்டை போடலாம், சரக்கு ஏற்றலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் கப்பல் கட்ட வேண்டும். எஞ்சின் ஒரு துண்டு, அறை ஒரு துண்டு, இறக்கை ஒரு துண்டு, ஒவ்வொன்றையும் எடுத்து ஒட்டிப் பார்க்க வேண்டும், பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு. கட்டுவது அவள், ஓட்டுவது அவன் என்று அவர்களுக்குள் ஏற்பாடு. இருபது நாள் ஆழ்கடலுக்குப் போய்விட்டு வருகிறவன், உப்புக் காலோடு டிவி முன்னால் போய் நின்று, "ஏளா, நல்லாத்தானே கெடந்துது, மூக்க எதுக்கு இப்படி நீட்டி வச்சிருக்க?" என்று கத்துவான். அவள் அடுக்களையிலிருந்து, "ஓட்டிப் பாத்துட்டு ஏசுங்க" என்பாள். ஓட்டிப் பார்த்தபிறகு அவன் ஏசினதே இல்லை.

போன கார்த்திகையில் அடித்த புயலில் இரண்டு விசைப்படகுகள் திரும்பவில்லை. பதினேழு ஆண்கள். ததேயு அதில் ஒருத்தன். ஹெலிகாப்டர் வந்தது, மந்திரி வந்தார், பிறகு யாரும் வரவில்லை. உடல் கிடைக்காதவனைச் செத்தவன் என்று எழுத ஏழு வருசம் ஆகும் என்று தாலுகா ஆபீசில் சொன்னார்கள். உடல் இல்லாமல் அடக்கப் பூசை வைக்கக்கூடாது என்று சொன்னது சாமியார் இல்லை, பெண்களேதான். "அவிய கடல்ல கெடக்காவ" என்று அவர்கள் சொன்னார்கள். கடலுக்குப் போனவனைப் பற்றி எப்போதும் சொல்கிற வார்த்தைதான் அது. தாலி கழுத்தில் இருந்தது, போனவனின் சோற்றுத் தட்டு கவிழ்த்து வைத்தபடி இருந்தது, பதினேழு வீட்டிலும் யாரும் வாய்விட்டு அழவில்லை. மெற்றில்டா கம்பெனி விட்டு வந்து, ஜெபமாலை சொல்லிவிட்டு, டிவியைப் போட்டு, கப்பலில் ஒரு துண்டு கூட்டுவாள். புருசன் கடலில் இருக்கும்போது அவள் செய்கிற வேலை அது. அதை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும், அதனால் அவள் நிறுத்தவில்லை.

ஆக, கப்பல் வந்துவிட்டது. படகுச் சங்கத் தலைவர் வியாகுலம் வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எட்டி மெற்றில்டா, ஒன் கப்பலு வள்ளம் ஏத்துத வழியில நிக்கி, ஒரு நாப்பது அடி தெக்க தள்ளி வையி" என்றார். அவள் வீட்டுக்குப் போய்த் திரையில் தள்ளிவைத்தாள். கரையில் கப்பல் தெற்கே நகர்ந்து உட்கார்ந்தது. "ம், இப்பஞ் சரி" என்று அவர் டீ குடிக்கப் போனார். மீன்துறை ஆபீசிலிருந்து ஒருத்தர் படிவத்தோடு வந்து, எஞ்சினுக்கு மண்ணெண்ணெயா டீசலா என்று கேட்டார். "ரெண்டுமில்ல சார், அணு உலை" என்றாள் மெற்றில்டா. அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்சநேரம் கடலைப் பார்த்துவிட்டு 'இதர' என்று எழுதி, தடைக்காலத்தில் தொழிலுக்குப் போகக்கூடாது என்று எச்சரித்து, ஒரு நம்பரை ஒட்டிவிட்டுப் போனார். சாமியார் ஒரு வாரம் யோசித்தார், இதை வீடாக மந்திரிப்பதா படகாக மந்திரிப்பதா என்று. கடைசியில் படகு ஜெபத்தைச் சொல்லித் தண்ணீர் தெளித்தார். ஆடுகள் அதற்கும் முன்னமே அதன் அடியில் படுக்கப் பழகிவிட்டிருந்தன.

கப்பலுக்குள் இரண்டு கட்டில் இருந்தது. ஒன்று அவளுக்கு, ஒன்று அவனுக்கு. அவன் கட்டில் விரிப்பு தினமும் காலையில் ஈரமாய் இருந்தது. மெற்றில்டா அதை மாற்றுவாள், பிழிந்து வெயிலில் போடுவாள், மறுநாள் புது விரிப்பும் நனைந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பெர்னத்து ஒருநாள் கூடவே வந்து, விரிப்பின் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. பெர்னத்துக்கு மூன்று பிள்ளைகள், புருசன் சகாயம் அதே படகில் போனவன், வாய் கொஞ்சம் காரம். அன்றைக்கு அந்த வாய் கெஞ்சியது.

"எட்டி, இந்தக் கப்பலுக்கு அவிய கெடக்க எடம் தெரியும். எங்க வீட்டாளுக்கும் ஒரு கட்டில் வையேன். ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

மெற்றில்டா வைத்தாள். மறுநாள் காலை சகாயத்தின் கட்டிலும் நனைந்திருந்தது. பெர்னத்து அந்த ஈர விரிப்பில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஊரெல்லாம் ஓடினாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா! பதினேழு வீட்டுப் பெண்களும் மெற்றில்டா வீட்டில்தான் குடியிருந்தார்கள். பாதிப் பேர் டிவி முன்னால், பாதிப் பேர் கரையில் செல்போனோடு; இங்கே இவள் ஒரு துண்டை வைக்க, அங்கே முளைக்க, "இன்னுங் கொஞ்சம் எடப்பக்கம், ஆங், நிப்பாட்டு" என்று போனில் கூச்சல். பனிமயத்தின் ஒரே மகன் லூர்துராஜ் ஆறடிக்கு மேலே. கட்டிலில் கால் வெளியே நிற்கும் என்று அவள் அழுததால் இரண்டு கட்டிலின் சட்டத்தை நீட்டி ஒட்டி ஒன்றாக்கினாள். சகாயத்துக்குக் காற்று முகத்தில் அடித்தால்தான் தூக்கம் வரும், அதனால் ஜன்னல் பக்கம். மிக்கேலும் ரெமிஜியுசும் அண்ணன் தம்பி, மனைத் தகராறில் ஆறு வருசமாய்ப் பேச்சில்லை. எதிரெதிரே வைக்காதே என்று ஒருத்தன் பெண்டாட்டி சொன்னாள், பக்கத்துப் பக்கத்தில் வை, இனியாவது பேசட்டும் என்று மற்றவள் சொன்னாள். பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தனின் அம்மா, மெற்றில்டாவின் காதில், அவனுக்கு இருட்டென்றால் பயம், தலைமாட்டில் ஒரு விளக்கு வை, யாரிடமும் சொல்லிவிடாதே என்றாள். அது ஊருக்கே தெரிந்த விஷயம்.

திரையின் கீழ்மூலையில் எடைக் கணக்கு ஏறிக்கொண்டே போய், ஒருநாள் சிவப்பாயிற்று. இதைவிடக் கனத்தால் எஞ்சின் தூக்காது என்றது விளையாட்டு. மெற்றில்டா சொன்னாள், யாருக்கும் புரியவில்லை. கடலில் பாரம்தான் படகைச் சாயாமல் நிறுத்தும், வெறும் படகுதான் ஆடிக் கவிழும். பாரத்தை வேண்டாமென்கிற மரக்கலத்தை அந்த ஊரில் யாரும் கண்டதில்லை. வியாகுலம் இளவட்டங்களைக் கூட்டிவந்து, கப்பல் காற்றில் சாய்ந்துவிடக்கூடாதே என்று அடித்தளத்தில் முப்பது மணல்மூட்டை அடுக்கிவிட்டார். எடை இன்னும் ஏறியது. "மாமா, ஆகாசம் தாங்காது மாமா" என்று மெற்றில்டா தலையிலடித்துக்கொள்ள, "அப்பஞ் சரி" என்று மறுபடியும் இறக்கினார்கள்.

பெரிய எஞ்சின் வைக்கலாம், ஆனால் அதற்கு ஓட்டுகிறவன் தேறியிருக்க வேண்டும். ததேயு இரண்டு நட்சத்திரம் வாங்கியிருந்தான், மூன்று வேண்டும். மெற்றில்டா தானே ஓட்டிப் பார்த்தாள். இரண்டு வாரத்தில் ஏழு தடவை பாறையில் மோதினாள், ஒவ்வொரு தடவையும் கரையில் கப்பல் குலுங்கிக் கருவாடெல்லாம் மணலில் கொட்டியது. பெண்கள் வந்து ஏசினார்கள். அவள் ஓட்டுவதை விட்டுவிட்டு, கழற்ற ஆரம்பித்தாள். துப்பாக்கிகளைக் கழற்றினாள், கவசத்தைக் கழற்றினாள், சரக்கறையை, சமையலறையை, ததேயு முதலில் ஏசிவிட்டுப் பிறகு ஆசைப்பட்ட நீளமூக்கை, கடைசியில் தன்னுடைய கட்டிலை. எல்லாம் போனபிறகும் சரியாக ஒரு கட்டிலின் எடை கூடுதலாய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினாறு பேரும் அவள் வீட்டில் கூடினார்கள். வலை வளைக்கிற முறைக்குச் சீட்டுப் போடுவதுபோல இதற்கும் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று வியாகுலம் வாசலில் நின்று சொன்னார். "மீனுக்குச் சீட்டுப் போடலாம், மனுசனுக்குமா போடுவீய?" என்று பனிமயம் கேட்டதில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் பெர்னத்துதான் வாயைத் திறந்தாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பிள்ளைய இருக்க வீட்டுக்கு அப்பன் வேணும்."

அவள் மெற்றில்டாவைப் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் பார்த்தார்கள். மெற்றில்டா எழுந்துபோய்ப் பதினாறு பேருக்கும் கட்டன்காப்பி போட்டுக் கொடுத்தாள், குடித்த தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள், அவர்கள் போனபிறகு கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை காலை அவள் கம்பெனிக்குப் போகவில்லை. ததேயுவின் கட்டில் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். 'நீக்கவா?' என்று கேட்டது. இரண்டு தடவை வெளியே வந்துவிட்டாள். மூன்றாவது தடவை 'ஆம்' என்றாள். எடை பச்சையானது. ஐயோ, அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் அவள் அழுதாள், பத்து மாதமாய் அழாததையெல்லாம் சேர்த்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு மத்தியானம் பெர்னத்து வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சே, என்னக்கா இது, என்று மெற்றில்டா அவளைத் தூக்கிவிட்டாள்.

வியாழக்கிழமை கப்பலை அனுப்பினார்கள். ஆளில்லாமல் ஓரிடத்துக்குப் போய் ஏற்றிவர அனுப்புகிற வசதி விளையாட்டில் இருந்தது. முழுக்கத் தண்ணீராலான கிரகம் ஒன்றை ததேயு முன்பே கண்டுபிடித்து, 'நம்ம கடல்' என்று பெயர்போட்டு வைத்திருந்தான். மெற்றில்டா அந்த இடத்தைக் குறித்து, அரைமணி நேரம் கழித்துக் கிளம்பச் சொல்லி அழுத்திவிட்டுக் கரைக்கு ஓடினாள். ஆகாயத்துக்குப் போகிறதானாலும் கலம் கடலில் இறங்கித்தானே போக வேண்டும் என்று ஊரே சேர்ந்து அதைத் தள்ளியது. கலத்தில் ஆள் இருக்கிற வீட்டார் எல்லாரும் கை வைக்க வேண்டும் என்பது முறை. மெற்றில்டா ஒதுங்கி நின்றாள். கப்பல் இடுப்பளவுத் தண்ணீர்வரை போய், ஒரு பெருமூச்சு விட்டு, நீர் வடிய வடிய மேலே எழும்பி, மேற்கே போயிற்று.

மூன்று நாள் சூசைத்துறையில் ஒரு கல்யாணக் களை. வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள், புதுச் சட்டை எடுத்தார்கள், பிள்ளைகளுக்கு அப்பன் முகம் மறந்திருக்கும் என்று போட்டோவைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையின் நடுவில் வானத்தில் சத்தம் கேட்டது. சாமியார் கையில் நற்கருணையோடு நிற்க, கோயில் காலியாயிற்று.

கப்பல் கதவு திறந்தது. பதினாறு கட்டிலில் பதினாறு பேர் படுத்திருந்தார்கள், அவரவர் கட்டிலில் அவரவர், காலை நீட்டி, கையை நெஞ்சில் வைத்து, விரிப்பைக் கழுத்துவரை போர்த்தி. சகாயத்தின் முகத்தில் ஜன்னல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. லூர்துராஜின் கால் வெளியே நிற்கவில்லை. அந்தப் பையனின் தலைமாட்டில் விளக்கு எரிந்தது. யாரும் எழும்பவில்லை. அவர்கள் செத்து ஒரு வருசம் ஆகப்போகிறது என்பது ஒரு பார்வையில் தெரிந்தது.

அன்று எழுந்த அழுகைச் சத்தத்தை அடுத்த துறைக்காரர்கள் அலை பொங்கி அடிக்கிற கடலடி என்று நினைத்தார்களாம்.

திங்கட்கிழமை பதினாறு குழி வெட்டினார்கள். சாமியார் பெயர் பெயராய்ப் படித்தார். பதினாறு தாலி கழன்றது. கல்லறைத் தோட்டத்து வாசலில், கடைசி மண்ணைப் போட்டுவிட்டு மெற்றில்டா கை கழுவிக்கொண்டிருந்தபோது, பெர்னத்து தலைவிரி கோலமாய் வந்து அவள் முன்னால் நின்றாள்.

"ஒனக்குத் தெரியும்ட்டி."

"எக்கா..."

"முந்தா நாளுவரை எம் மாப்பிள்ள உசிரோட இருந்தான். ஒன் கப்பலுதான் அவனக் கொன்னு கொண்டாந்துருக்கு. ஒனக்குத் தெரிஞ்சிதான் ஒன் புருசன் கட்டில மட்டும் எடுத்துக்கிட்ட. நீ எங்களுக்கு விட்டுக்குடுக்கல, பாவி! ஒன் புருசன நீ காப்பாத்திக்கிட்ட!"

சுற்றி நின்ற பெண்கள் மெற்றில்டாவின் கழுத்தைப் பார்த்தார்கள். அந்த ஊரில் அந்தப் புயலுக்குப் பிறகும் தாலியோடு நின்றவள் அவள் ஒருத்திதான்.

அப்புறம் யாரும் அவளோடு பேசவில்லை. கம்பெனியில் அவள் பக்கத்து இடம் காலியாய்க் கிடந்தது, குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் தள்ளிப்போயின. கப்பலில் யாரும் மீன் காயப்போடவில்லை. ஆடுகள்கூட இடம் மாறின. ஊர் ஒதுக்கியதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது வேறு. அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்: 'ஆம்' என்று அழுத்தின விரல் எதற்காக அழுத்தியது? தினமும் ஈர விரிப்பைப் பிழிந்தவள் அவள்தானே, ஈரம் என்றால் என்னவென்று அவளுக்கு நிஜமாகவே தெரியாதா? கொடுத்தாளா, பயந்தாளா?

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். பதினாறு புதுக் கல்லறையிலும் பூவும் மெழுகுதிரியும். மெற்றில்டா மதிலுக்கு வெளியே நின்றாள். உள்ளே போய் எந்த மண்ணில் திரி கொளுத்துவாள்? பனிமயம் மகன் கல்லறையிலிருந்து எழுந்து மெதுவாய் அவளிடம் வந்தாள்.

"பெர்னத்து சொன்னத மனசில வைக்காத. அவளுக்கு ஏச ஒரு ஆளு வேணும், கடல ஏசினா அது கேக்கவா செய்யும்?"

"அவ சொன்னது பொய்யின்னு எனக்கே சொல்லத் தெரியல சித்தி."

பனிமயம் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, ஏதோ இப்போதுதான் நினைவு வந்தவளைப்போலச் சொன்னாள்:

"பதினேழு பேரும் ஒண்ணா கெடந்தானுவ. நாம பதினாற தூக்கிட்டு வந்துட்டோம். அவன் இப்பம் அங்க ஒத்தைக்குக் கெடக்கான்ட்டி."

இத்தனை நாளும் மெற்றில்டா தன்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள், அவனைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் டிவியைப் போட்டாள். பதினாறு கட்டிலையும் கழற்றினாள். காலியான கப்பலின் நட்டநடுவில், அகலமாய், ஒரே ஒரு கட்டில் வைத்தாள். விரிப்பை வெள்ளையாக்கினாள். எடை எங்கோ அடியில் பச்சையாய்க் கிடந்தது. இத்தனை லேசான கப்பல் போய்வர ஒரு பகல் போதும், சாயங்காலம் நாலரை என்றது விளையாட்டு. வாசலில் நிழல் ஆடியது. பெர்னத்து நின்றுகொண்டிருந்தாள், வெறும் கழுத்தோடு. அவள் மன்னிப்புக் கேட்க வந்தவள் மாதிரியும் இல்லை, சண்டைக்கு வந்தவள் மாதிரியும் இல்லை.

"நான் அமுக்கட்டா?"

"வேண்டாம்க்கா," என்றாள் மெற்றில்டா. "இத நாந்தான் செய்யணும்."

அழுத்தினாள். கரையில் பதினாறு பெண்கள் வந்து கை வைத்தார்கள், யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மெற்றில்டா முன்னால் நின்று, இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். கப்பல் எழும்பி மேற்கே போய்ப் புள்ளியாகி மறைந்தபோது காலை ஒன்பது மணி.

அவள் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாள். பூ வாங்கி வைத்துக்கொண்டாள், நெற்றியில் பொட்டு வைத்தாள். ஏலக்கூடத்துக்குப் போய் நல்ல பாரை மீனாய்ப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி ஒரு முழு மீன் வாங்கினாள். ஒத்த ஆளுக்கு எதுக்கு இவ்வளவு என்று மீன்காரி கேட்டாள்.

"வீட்ல ஆளிருக்கு," என்றாள் மெற்றில்டா.

தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். சோறு வடித்தாள். கவிழ்த்து வைத்திருந்த தட்டை நிமிர்த்திக் கழுவித் துடைத்து வைத்தாள். வேலையெல்லாம் முடிந்தும் மணி இரண்டுதான் ஆகியிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு வருசமாய் இல்லாத நிம்மதியோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டரை மணி நேரம் ததேயு உயிரோடு இருந்தான்.